கடன் விண்ணப்பம் போடும் முன்: உங்கள் கடன் அறிக்கையை இலவசமாக எடுப்பதும் சரிபார்ப்பதும்

வங்கியில் கடன் மறுக்கப்பட்டால் கவுண்டரில் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒரே வரிதான்: "உங்கள் சிசிரிஸ் சரியில்லை." சிசிரிஸ் என்பது உங்கள் வங்கிக் கடன்களைக் காட்டும் அறிக்கை. அதற்கு மேல் விளக்கம் கிடைப்பதில்லை. மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கும் அந்த ஒரு வரிதான் கிடைத்தது. அப்பா பெயரில் எடுத்த மோட்டார் சைக்கிள் கடன் முழுவதும் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. ஆனால் அறிக்கையில் அது பாக்கியாகவே நின்றது. அதைச் சரிசெய்யும் வரை எந்த அலுவலகம் எதற்குப் பொறுப்பு, எந்தக் கடிதத்தைக் கேட்க வேண்டும், எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. தோட்டத்திலிருந்து வெளியேறி ஊருக்குள் மலிவு விலை வீடு வாங்க முயலும் குடும்பங்கள், முதல் கார் வாங்கப் போகும் பிள்ளைகள், கடைக்கு முதலீடு தேடுகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

இரண்டு விஷயங்களை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிசிரிஸ் அறிக்கைக்குக் கட்டணம் இல்லை. அதை விண்ணப்பம் போடுவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே பார்த்துவிட வேண்டும். வீட்டுக்கு முன்பணம் கட்டிய பிறகு பார்த்தால், தவறைத் திருத்த நேரம் போதாது. முன்பணம் திரும்பி வருமா என்ற கவலையும் சேர்ந்துகொள்ளும்.

1. எந்த அறிக்கை யாருடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஊரில் எல்லோரும் "சிசிரிஸ், சிடோஸ்" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். இரண்டும் வேறு. ஒன்றில் இருக்கும் தவறை மற்றதில் போய்த் திருத்த முடியாது.

சிசிரிஸ் பேங்க் நெகாரா மலேசியா நடத்தும் கடன் தகவல் ஏடு. வங்கிகளில் நீங்கள் வாங்கிய வீட்டுக் கடன், கார் கடன், தனிநபர் கடன், கடன் அட்டை எல்லாம் இதில் இருக்கும். பேங்க் ராக்யாட், பிஎஸ்என் போன்ற நிறுவனங்களின் கடன்களும் இதில் அடங்கும். பல்கலைக்கழகத்தில் படிக்க எடுத்த பிடிபிடிஎன் கடனும் இதில் வரும். படிப்பை முடித்துவிட்டு அந்தக் கடனை மறந்துபோன பிள்ளைகள் நம் வீடுகளில் பலர். வீட்டுக் கடன் கேட்கும் நாளில்தான் அது நினைவுக்கு வருகிறது.

சிடோஸ் தனியார் நிறுவனம். 2010ஆம் ஆண்டின் கடன் தகவல் முகவைச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. நீதிமன்ற வழக்குகள், நொடிப்பு நிலை, உங்கள் பெயரில் உள்ள வியாபாரப் பதிவு, வங்கியல்லாத நிறுவனங்கள் தெரிவிக்கும் நிலுவைகள் முதலியவற்றை அது திரட்டுகிறது. எக்ஸ்பீரியன் என்ற நிறுவனமும் இதே வேலையைச் செய்கிறது. தோட்டப்புறங்களில் மோட்டார் சைக்கிளையும் வீட்டுச் சாமான்களையும் தவணைக்குத் தரும் கடன் நிறுவனங்கள் எல்லாமே சிசிரிஸில் பங்கேற்பவை அல்ல. ஆகவே சிசிரிஸ் சுத்தமாக இருப்பதைப் பார்த்துவிட்டு "எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள்.

கறுப்புப் பட்டியல் என்று ஒன்றும் சிசிரிஸில் கிடையாது. பேங்க் நெகாரா யாருக்கும் மதிப்பெண் போடுவதில்லை, யாருக்கும் கடன் கொடுக்காதே என்று வங்கியிடம் சொல்வதும் இல்லை. கடன்கொடுத்தவர்கள் அனுப்பும் விவரத்தை அது தொகுத்து வைக்கிறது. அதைப் பார்த்து முடிவெடுப்பது அந்தந்த வங்கி. ஒரு வங்கி மறுத்த அதே அறிக்கையை இன்னொரு வங்கி ஏற்றுக்கொள்வதும் உண்டு.

2. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

அடையாள அட்டை, அதாவது மைகார்ட். நகல் மட்டும் போதாது, அசல் வேண்டும். உங்கள் பெயரில் நீங்களே வைத்திருக்கும் கைப்பேசி எண். நீங்களே திறக்கக்கூடிய மின்னஞ்சல் முகவரி. கூடவே, கிடைக்கிற பழைய கடன் தாள்கள் எல்லாம்: ஒப்பந்தம், தவணை கட்டிய ரசீதுகள், கடன் முடிந்ததற்கான கடிதம். அறிக்கையை எடுக்க இந்தத் தாள்கள் தேவையில்லை. எடுத்த அறிக்கையை ஒப்பிட்டுப் பார்க்கத் தேவை.

கைப்பேசி விஷயத்தில் கவனம் வேண்டும். பல வீடுகளில் பெற்றோருக்கு எண் வாங்கிக் கொடுத்தவர் மகனோ மருமகளோ; எண் அவர்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கும். மலிவுத் திட்டம் கிடைக்கிறது என்று எண்ணை அடிக்கடி மாற்றுகிறவர்களும் உண்டு. இணையத்தில் அறிக்கை எடுக்கப் பதிவு செய்யும்போது ரகசிய எண் அந்தக் கைப்பேசிக்குத்தான் வரும். எண்ணை மாற்றினால் பதிவு செய்த கணக்கிற்குள் மறுபடி நுழைவது பெரும்பாடு. ஒரு எண்ணை முடிவுசெய்து, அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள்.

அடுத்தது, நகரத்தில் இருப்பவர்கள் யோசித்தே பார்க்காத ஒன்று: கட்டைவிரல். நேரில் போய் அறிக்கை எடுக்கும் இயந்திரமான கியோஸ்க்கில் அடையாள அட்டையைச் செருகி ரேகை வைக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கையில், செம்பனைக் குலையைத் தூக்கிய கையில் ரேகை தேய்ந்திருக்கும். பால் கறை உலர்ந்த விரலை இயந்திரம் திரும்பத் திரும்ப மறுத்துவிடும். முந்தின இரவே கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிடுங்கள். காலையில் எண்ணெய்ப் பசை போகும்படி கழுவித் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள். விரலை வைக்கும்போது லேசாக, தட்டையாக வைக்க வேண்டும். பெரியவர்கள் நம்பிக்கையில்லாமல் அழுத்திப் பிடிப்பார்கள், அதனால்தான் பல முறை தவறுகிறது. அட்டையில் இரண்டு கட்டைவிரல் ரேகையும் பதிவாகியிருக்கும். வலது ஒத்துவராவிட்டால் இடது விரலை வைக்கக் கேளுங்கள்.

சில்லு பழுதாகிவிட்ட அட்டை என்றால் முதலில் தேசியப் பதிவிலாகாவுக்குப் போய்ப் புதிய அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சேதமடைந்த அட்டைக்கு 10 ரிங்கிட். தொலைந்துபோன அட்டைக்கு முதல் தடவை 100 ரிங்கிட்.

3. சிசிரிஸ் அறிக்கையை எடுப்பது

இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி இணையம். பேங்க் நெகாராவின் இசிசிரிஸ் தளத்தில் கணக்குத் திறந்தால், பிறகு எப்போது வேண்டுமானாலும் வீட்டிலிருந்தபடியே அறிக்கையைப் பார்க்கலாம். தளத்தின் முகவரி "பிஎன்எம் டாட் ஜிஓவி டாட் எம்ஒய்" என்று முடிய வேண்டும். வேறு எப்படி முடிந்தாலும் மூடிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய இணைப்பை அழுத்தி உள்ளே போகாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். அடையாளத்தை உறுதிசெய்யும் முறை அவ்வப்போது மாறிவந்திருக்கிறது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் போன ஆண்டு செய்தபடி செய்யாமல், திரையில் கேட்பதை ஒவ்வொன்றாகப் படித்துச் செய்யுங்கள். பெயரை அட்டையில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி என்பதை விட்டுவிட்டாலும், தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பதிவு நின்றுவிடலாம்.

இரண்டாவது வழி நேரில் போவது. பேங்க் நெகாரா அலுவலகங்களிலும் ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை நிர்வாக முகவையின் கிளைகளிலும் இதற்கான கியோஸ்க் இருக்கிறது. பேராக்கில் இருப்பவர்களுக்கு ஈப்போவில் உள்ள ஏகேபிகே கிளை பக்கம். கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாரு ஆகிய இடங்களிலும் கிளைகள் உண்டு. அட்டை, கைரேகை, அவ்வளவுதான். அறிக்கை கைக்கு வந்துவிடும். புறப்படும் முன் 03-2616 7766 என்ற ஏகேபிகே எண்ணை அழைத்து, நீங்கள் போகும் கிளையில் கியோஸ்க் இயங்குகிறதா, நேரம் எடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பஸ் ஏறி ஈப்போ வரை போனபின் "இயந்திரம் பழுது" என்ற பதிலைக் கேட்பது யாருக்கும் வேண்டாம்.

அறிக்கை இலவசம்தான், ஆனால் நேரில் போவதற்குச் செலவு உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் வேலையை விட்டுப் போவது ஏறக்குறைய 65 ரிங்கிட் இழப்பு. அதோடு பஸ் கட்டணம், மதியச் சாப்பாடு. கணவனும் மனைவியும் சேர்ந்து கடன் கேட்பதாக இருந்தால் இருவரும் ஒரே நாளில் போய் வாருங்கள். ஒருவருக்காக இன்னொருவர் எடுக்க முடியாது. ரேகை வேண்டும் அல்லவா? அதே நாளில் ஏகேபிகே ஆலோசகரிடம் அறிக்கையைக் காட்டிப் பேசிவிட்டும் வரலாம். அதற்கும் கட்டணம் இல்லை.

நகல் கடையில் அச்செடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அறிக்கையில் உங்கள் அடையாள அட்டை எண், முகவரி, எல்லாக் கடன்களும் இருக்கும். கடைக்காரர் கணினிக்கு அனுப்பி அச்செடுத்துவிட்டு அப்படியே வந்துவிடாதீர்கள். உங்கள் கண்முன்னே கோப்பை அழிக்கச் சொல்லி, வாட்ஸ்அப்பிலிருந்தும் வெளியேறிவிட்டு வாருங்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அந்தக் கணினியில் அடுத்து உட்காருகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது.

4. சிசிரிஸைப் படிப்பது

அறிக்கை வந்தவுடன் பலர் கடைசியில் உள்ள மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். வங்கி அதிகாரி முக்கியமாகப் பார்ப்பது கட்டியிருக்கும் விதத்தை.

முதலில் உங்கள் விவரம்: பெயர், அட்டை எண், முகவரி. பெயர் எழுத்து மாறியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நிலுவைக் கடன்கள். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி. எந்த வகைக் கடன், இன்னும் எவ்வளவு பாக்கி, மாதத் தவணை எவ்வளவு, அடமானம் என்ன என்று இருக்கும். கடன் வகைகள் ஆங்கிலச் சுருக்கங்களாக இருக்கும். விளக்கம் அறிக்கையிலேயே உண்டு. "இது நான் வாங்கியதா?" என்று ஒவ்வொரு வரிக்கும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் நம் தோட்டப்புறத்தில் பல குடும்பங்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. சம்பளச் சீட்டு இல்லாத தம்பிக்காகவோ, மச்சானுக்காகவோ, பக்கத்து லயத்து நண்பனுக்காகவோ, "பெயர் மட்டும் கொடு, நான் கட்டிக்கொள்கிறேன்" என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். வண்டியை ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் அறிக்கையைப் பொறுத்தவரை அது உங்கள் கடன். அவர் தவணையைத் தவறவிட்டால் உங்கள் வரிசையில்தான் எண் ஏறும். "நான் ஓட்டவில்லையே" என்று வங்கியில் சொல்வதில் பயனில்லை. அப்படி ஒரு வரி இருந்தால் சம்பந்தப்பட்டவரோடு உட்கார்ந்து பேசி, ஒழுங்காகக் கட்டவோ, கடனை முடித்துவிடவோ இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். உறவு கெட்டுவிடும் என்று பேசாமல் இருந்தால் வீடும் கிடைக்காது, பிறகு உறவும் நிற்காது.

அதற்குப் பக்கத்தில் 12 கட்டங்கள். இதுதான் அறிக்கையின் உயிர். கடந்த 12 மாதங்களில் ஒவ்வொரு மாதமும் எத்தனை தவணை பின்தங்கியிருந்தது என்ற எண் ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும். 0 என்றால் பாக்கி இல்லை. 1 என்றால் ஒரு தவணை பின்தங்கல். 2 என்றால் இரண்டு.

பலரைக் குழப்பும் இடம் இது. ஏப்ரல் மாதம் குடும்பத்தில் ஒரு கல்யாணம், அந்த மாதத் தவணையைக் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். மே மாதத்திலிருந்து ஒன்றுவிடாமல் மாதாமாதம் கட்டுகிறீர்கள். டிசம்பரில் அறிக்கையைப் பார்த்தால் ஏப்ரலில் மட்டும் 1 இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். அப்படி இருக்காது. ஏப்ரல் முதல் வரிசையாக 1, 1, 1, 1 என்று வந்துகொண்டே இருக்கும். காரணம், நீங்கள் மேயில் கட்டிய பணம் ஏப்ரல் பாக்கிக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு மாதமும் நீங்கள் ஒரு தவணை பின்னால்தான் நடந்துகொண்டிருக்கிறீர்கள். விட்டுப்போன அந்த ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டினால்தான் அடுத்த மாதம் 0 விழும். தாமதக் கட்டணம் பாக்கி இருக்கிறதா என்பதையும் வங்கியில் கேட்டு அதையும் சேர்த்தே கட்டுங்கள். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பல அறிக்கைகள் ஓராண்டில் தாமாகச் சுத்தமாகிவிடும், ஏனென்றால் காட்டப்படுவது கடைசி 12 மாதங்கள் மட்டுமே.

மூன்றாவது பகுதி, தனிக் கவனத்தில் வைக்கப்பட்ட கணக்குகள். நீண்டகாலமாகக் கட்டாமல் விடப்பட்ட கடன்கள் இங்கே வரும். இந்தப் பகுதியில் ஏதேனும் இருந்தால் புதிய கடன் கேட்பதைத் தள்ளிவைத்துவிட்டு இதை முதலில் பாருங்கள்.

நான்காவது, கடன் விண்ணப்பங்கள். கடந்த 12 மாதங்களில் ஒப்புதல் பெற்றவையும், முடிவு தெரியாமல் நிலுவையில் இருப்பவையும் இதில் தெரியும். கார் விற்பனையாளர் உங்கள் விண்ணப்பத்தை ஒரே வாரத்தில் நான்கைந்து வங்கிகளுக்கு அனுப்பிவைப்பது வழக்கம். அத்தனையும் நிலுவையில் நிற்கும்போது பார்க்கிற வங்கி, இவர் ஏன் இவ்வளவு இடத்தில் கடன் தேடுகிறார் என்றுதான் நினைக்கும். எந்தெந்த வங்கிக்கு அனுப்பப் போகிறார் என்பதை முன்கூட்டியே கேட்டு, ஒன்றிரண்டோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

அறிக்கை வெறுமையாக வந்தால் பயப்பட வேண்டாம். இதுவரை கடனே வாங்காதவர் என்று அதற்குப் பொருள். ஆனால் உங்களை எடைபோட வங்கிக்கு ஒன்றும் இருக்காது. அதனால் சம்பளச் சீட்டு, இபிஎஃப் எனப்படும் ஊழியர் சேமநிதிக் கணக்கு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஒழுங்காக எடுத்துச் செல்லுங்கள்.

5. சிடோஸ் அறிக்கையைப் பார்ப்பது

சிடோஸ் தளத்தில் பதிவு செய்வது இலவசம். அட்டையைப் படம்பிடித்து, முகத்தையும் படம்பிடித்து அடையாளத்தை உறுதிசெய்யச் சொல்லும். பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். அட்டையில் விளக்கு வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் ஏற்காது. அடிப்படை அறிக்கைக்குப் பணம் இல்லை. 300 முதல் 850 வரையிலான மதிப்பெண்ணோடு வரும் அறிக்கைக்குத்தான் கட்டணம். நான் வாங்கியபோது 30 ரிங்கிட்டுக்குள் இருந்தது. என் கருத்தில், முதலில் இலவசமானவற்றை எல்லாம் பார்த்து முடியுங்கள். வீட்டுக் கடனுக்கு உண்மையிலேயே விண்ணப்பிக்கும் கட்டத்தில், வழக்கு ஏதும் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் கட்டண அறிக்கையை ஒரு முறை வாங்கினால் போதும். மாதச் சந்தா தேவையில்லை. உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

சிடோஸில் கண்ணைப் பதிக்க வேண்டிய இடம் வழக்குகள். நம்மவர்களில் ஒரே பெயரும் ஒரே தகப்பனார் பெயரும் உள்ளவர்கள் நிறையப் பேர். ஒரு தோட்டத்திலேயே இரண்டு முனியாண்டி மகன் சுப்பிரமணியம் இருப்பார்கள். பழைய வழக்குகளில் பழைய அட்டை எண் இருக்கலாம். வழக்கு உங்களுடையதுதானா என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்யாமல் அட்டை எண், முகவரி, வழக்குத் தொடுத்த நிறுவனம் மூன்றையும் பாருங்கள். பழைய அட்டை வைத்திருந்த பெற்றோருக்கு, அந்தப் பழைய எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கடன்வாங்கியவர் கட்டாவிட்டால் வழக்கு ஜாமீன்தாரர் மீதும் வரும். வழக்கு அறிவிப்பு பழைய தோட்ட முகவரிக்குப் போயிருக்கும். நீங்கள் வீடு மாறிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். வழக்கு நடந்ததே தெரியாமல் போவது இப்படித்தான்.

6. தவறு இருந்தால் திருத்துவது

சிசிரிஸில் உள்ள விவரத்தைப் பேங்க் நெகாரா தானாக மாற்றாது. விவரத்தை அனுப்பிய வங்கிதான் திருத்தி அனுப்ப வேண்டும். எனவே முதல் கதவு அந்த வங்கி. கிளைக்குப் போய் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதால் ஒன்றும் நடக்காது. எழுதிக் கொடுங்கள். மலாயில் நான்கு வரி போதும்: பெயர், அட்டை எண், கடன் கணக்கு எண், அறிக்கையில் எந்த வரி தவறு, சரியானது என்ன. கூடவே அறிக்கையின் அந்தப் பக்கத்து நகல், கட்டியதற்கான ரசீதுகள், கடன் முடிந்த கடிதம். உங்கள் கையில் இருக்கும் பிரதியில் வங்கியின் முத்திரையும் தேதியும் விழ வேண்டும். முத்திரை இல்லாத கடிதத்தை மறுமுறை கேட்டால் "வரவில்லையே" என்பார்கள்.

கடன் முடிந்த கடிதத்தைக் கவுண்டரில் "சூராட் பெஞெலெசாயான்" என்று கேளுங்கள். கடைசித் தவணை ரசீது அதற்கு ஈடாகாது. எங்கள் விஷயத்தில் இழுபறி ஆனது இதனால்தான். கடன் கொடுத்த நிறுவனம் கடைசித் தவணையைப் பெற்றுக்கொண்டு, கணக்கில் நின்ற சிறு தாமதக் கட்டணத்தைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல் கணக்கைத் திறந்தபடியே வைத்திருந்தது. கேட்டபோது ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டியது. கடிதம் கைக்கு வந்த பிறகுதான் திருத்தம் நடந்தது. வண்டிக் கடன் என்றால் இதோடு இன்னொன்றும் உண்டு: ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் வண்டியின் மீதுள்ள உரிமைக் கோரலை நிறுவனம் விடுவித்துவிட்டதா என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் வண்டியை விற்கும் நாளில் மறுபடி அலைய வேண்டும்.

காலக் கணக்கு: வங்கிகள் மாதத்திற்கு ஒரு முறைதான் விவரம் அனுப்புகின்றன. இன்று கட்டி முடித்துவிட்டு நாளை அறிக்கை எடுத்தால் பழைய பாக்கிதான் இருக்கும். அடுத்த மாதத்தின் நடுப்பகுதி தாண்டியபின் எடுத்துப் பாருங்கள். அப்போதும் மாறவில்லையென்றால் வங்கிக்கு நினைவூட்டுக் கடிதம் கொடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் முத்திரை வாங்கிய உங்கள் கடிதப் பிரதிகளோடு பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள். வங்கிக் கடன் அவசரமாக வேண்டியிருந்தால், கடன் முடிந்த கடிதத்தின் நகலைப் புதிய விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுங்கள். திருத்தம் ஏறும் வரை காத்திராமல் அதை ஏற்றுக்கொள்ளும் அதிகாரிகளும் இருக்கிறார்கள்.

சிடோஸில் தவறு இருந்தால் சிடோஸிடமே ஆதாரத்துடன் எழுதிக் கேளுங்கள். வேறொருவருடைய வழக்கு என்றால் அட்டை நகல் போதுமான ஆதாரமாக அமையலாம். உங்கள் வழக்கே, ஆனால் பணம் கட்டி முடித்துவிட்டீர்கள் என்றால், வழக்குத் தொடுத்தவரிடமோ அவருடைய வழக்கறிஞரிடமோ பாக்கி தீர்ந்துவிட்டது என்ற கடிதத்தையும், வழக்கு மீட்டுக்கொள்ளப்பட்டிருந்தால் அதற்கான நீதிமன்றத் தாளையும் வாங்க வேண்டும். பாக்கித் தொகையைக் கட்டும் முன்பே "கட்டினால் இந்தக் கடிதம் தருவீர்களா?" என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். கட்டிய பிறகு கேட்டால் தேடிப்பிடிப்பது கடினம். தவறான விவரத்தைத் திருத்தக் கேட்பது கடன் தகவல் முகவைச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை. யாருடைய தயவும் வேண்டாம்.

7. "சுத்தம் செய்து தருகிறோம்" என்பவர்களிடம் போகாதீர்கள்

விளக்குக் கம்பத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டப்பட்டிருக்கும்: சிடோஸ், சிசிரிஸ் பெயர் சுத்தம் செய்து தரப்படும், கடன் உறுதி. நான் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். உண்மையான பதிவை யாராலும் பணம் வாங்கிக்கொண்டு அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்தப் பணமே வேண்டாம். அப்படியிருக்க இவர்கள் எதற்குப் பணம் வாங்குகிறார்கள்?

இன்னொரு வகையினர் உங்கள் பழைய கடன்களைத் தாங்களே அடைத்து, அறிக்கை சுத்தமானதும் பெரிய தனிநபர் கடன் எடுக்கவைத்து, அதிலிருந்து பெரும் பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் முன்பைவிடப் பெரிய கடன் உங்கள் தலையில். அதற்காக அட்டை நகல், ஏடிஎம் அட்டை, ரகசிய எண் எல்லாம் கேட்பார்கள். ஏடிஎம் அட்டையைக் கொடுத்தவர்களின் கணக்கு மோசடிப் பணம் போய்வரும் வழியாகி, காவல் நிலையம் வரை போன சம்பவங்கள் உண்டு. கைப்பேசியில் ஏதேனும் செயலிக் கோப்பை அனுப்பி நிறுவச் சொன்னால் தொடவே வேண்டாம். வங்கி விவரம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே வங்கியையும் 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு எண்ணையும் அழையுங்கள்.

8. பதிவு சரிதான், பாக்கியும் உண்மைதான் என்றால்

அறிக்கையில் தவறே இல்லை, உண்மையாகவே கட்ட முடியாத நிலை என்றால், வங்கி அழைப்பு வரும் வரை காத்திராமல் நீங்களே வங்கியை அணுகித் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வங்கிகளில் பாக்கி இருந்தால் ஏகேபிகேயின் கடன் நிர்வாகத் திட்டத்தைக் கேட்பது நல்லது. உங்கள் வரவு செலவைப் பார்த்து, எல்லா வங்கிகளோடும் அவர்கள் பேசி, கட்டக்கூடிய ஒரு மாதத் தொகையை அமைத்துத் தருகிறார்கள். கட்டணம் இல்லை. ஆனால் திட்டத்தில் சேர்ந்திருப்பது சிசிரிஸில் தெரியும். முடியும் வரை புதிய கடன் கிடைப்பது அரிது. ஆகவே அடுத்த மாதம் வீட்டுக் கடன் கேட்கலாம் என்ற எண்ணத்தோடு இதில் சேர வேண்டாம். ஆலோங் எனப்படும் உரிமம் இல்லாத வட்டிக்காரர்களிடம் வாங்கிய கடன் இந்தத் திட்டத்தில் வராது. அவர்கள் மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.

ஏகேபிகேக்குப் போகும்போது அடையாள அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சிசிரிஸ் அறிக்கை, ஒவ்வொரு கடனின் அண்மைக் கணக்கு விவரம், வீட்டுச் செலவுப் பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். செலவுப் பட்டியலில் கூட்டுச் சீட்டுக்கு மாதா மாதம் போடும் பணம், பிள்ளைகளின் பள்ளி பஸ், பெற்றோர் மருந்து, மளிகைக் கடைக் கணக்கு என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதுங்கள். குறைத்து எழுதினால் உங்களால் கட்ட முடியாத தொகையை மாதத் தவணையாகப் போட்டுவிடுவார்கள். இரண்டாம் மாதமே தவறிவிடும்.